மடக்குக் கூரை வண்டி



தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் சில இருக்கும். குடியேறிய ஊரிலே தேடிக்கொண்ட பொருள்கள் சில இருக்கும். முன்னதைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். அம்மிக்கல்லும் குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் எத்தனையோ கட்டுரைகளில் இடம்பெற்றுவிட்டன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பின்னதைச் சேர்ந்த ஒரு பொருள். அது அம்மியைப்போல் நூறு பங்கு கனமுடையது. நாலு சக்கரங்களின் மேல் நிற்பது. அமெரிக்காவில் பிறந்து, ஹைதராபாத் ராஜ்யத்தில் ஒரு ஜாகிர்தாரிடம் வளர்ந்து, சிகந்தராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கொட்டகையில் முதுமையடைந்தது. 1947-ஆம் ஆண்டின் ப்யூக் சூப்பர் என்னும் திறந்த கார் அது.

திறந்த கார் என்றால் கூரையே இல்லாத வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. கூரை உண்டு. ஆனால் அது இரும்புத் தகட்டால் ஆனதன்று, கித்தானால் ஆனது. வேண்டும்போது பின்புறமாக மடித்து வைத்துவிடலாம். மழை வந்தால் மீண்டும் இழுத்து மூடிக்கொள்ளலாம். இந்தியாவில் முதலில் ஓடிய மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவை திறந்தவையே. அவற்றை 'டூரர்' என்று அழைத்தார்கள். அவற்றின் பக்கங்களில் கண்ணாடி கிடையாது. மழைக்குப் பொத்தான் வைத்த திரைகளை மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் பாதி நனைந்துவிடுவோம். மீதி நனைவதற்குள் மழை நின்றுவிடும். 1922-இல் அமெரிக்காவில் எஸ்ஸெக்ஸ் என்னும் மூடிய வண்டி மலிவான விலையில் வெளிவந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகம் மூடிய வண்டிக்கு மாறிவிட்டது. திறந்த வண்டி என்பது தேவைக்காக வாங்கும் பொருள் என்ற நிலை போய், விருப்பத்திற்காக வாங்கும் பொருளாயிற்று. பக்கங்களில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும், மேலே மடங்கும் கித்தானும் உடைய புதிய வகை தோன்றியது. 1939-இல் பிளிமத் கம்பெனியார், கையால் இழுக்காமலே இயந்திர விசையால் எழுந்து மடியும் கூரையை அமைத்தனர். போருக்குப் பின் வந்த ப்யூக்கில் அவ்வேலையை மின்சாரப் பம்பும் எண்ணெய்க் குழாய்களும் செய்தன.

நிற்க. ஹைதராபாத்துக்கும் இத்தகைய வண்டிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நகரத்தின் பழைய பகுதியில் சார்மினாருக்குச் சற்றுத் தொலைவில் சௌமஹல்லா அரண்மனை இருக்கிறது. இளவரசி எஸ்ராவின் முயற்சியால் அது செப்பனிடப்பெற்று, 2005-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2010-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாராட்டும் பெற்றது. அதன் மண்டபங்களையும் தொங்கு விளக்குகளையும் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள், வெளியே வந்து மோட்டார் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போவது வழக்கம். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் நிற்கிறது. ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான் காலத்தில் வரவழைக்க ஏற்பாடான வண்டி அது. லண்டன் பார்க்கர் கம்பெனியார் அதன் உடலைக் கட்டினர். உள்ளே அரசர் வீற்றிருக்க உயரமான சிம்மாசன இருக்கை. ஆனால் 1911 ஆகஸ்டில் அவர் காலமாகிவிட்டார். வண்டி வந்தபோது ஏறி அமர வேண்டியவர் இல்லை. அவர் மகனார் உஸ்மான் அலி கான் அதைச் சில விசேஷ நாட்களில் மட்டும் பயன்படுத்தினார். மொத்தத்தில் 356 மைல்களே அது ஓடியிருந்ததாகச் சொல்லுவர். சிகந்தராபாத்திலிருந்து புறப்பட்டால் சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

அரசரின் வண்டியைக் காண்பதில் நமக்கு வியப்பு உண்டு, உறவு இல்லை. ஓடாத வண்டிக்கு முதுமை வருவதில்லை. அது பிறந்தபடியே நிற்கிறது. அதே வரிசையில் ப்யூக் முதலிய அமெரிக்க வண்டிகளும் இருக்கின்றன. பார்வையாளர்கள் அவற்றின்முன் அதிக நேரம் நிற்பதில்லை. நாம் நின்றோம். ஏனெனில், அந்தக் குடும்பத்தார் தங்கள் வண்டியைப் பற்றி நம்மிடம் யோசனை கேட்டிருந்த சமயம் அது.

இந்த ஊரில் அமெரிக்க வண்டிகள் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டும். நிஜாமின் ராஜ்யத்தில் ஜாகிர்தார்கள் பலர் இருந்தனர். இங்கிலீஷ் வண்டிகள் கௌரவமானவை. ஆனால் அமெரிக்க வண்டிகள் அகலமானவை, வலிமை வாய்ந்தவை, தக்காணத்தின் கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்ற உயரமும் உடையவை. விலையும் ரோல்ஸ் ராய்ஸை நோக்கக் கொஞ்சம்தான். ஃபோர்டு கம்பெனியார் 1926 முதலும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதலும் இந்தியாவில் தொழிற்கூடம் வைத்து வண்டிகளைப் பூட்டி விற்றனர். முற்றாகக் கட்டப்பட்டுக் கப்பலில் வந்தவையும் உண்டு. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்தினுள் புகுந்தது. ராஜ்யம் இந்தியாவோடு சேர்ந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டன. நிலவருவாய் நின்றுபோன வீடுகளிலிருந்து முதலில் வெளியேறியவை குதிரைகள். அடுத்தவை மோட்டார் வண்டிகள். சில ஆண்டுகள் கழித்து, 1954-இல், உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய வேண்டும் என்ற அரசாங்கக் கொள்கைக்கு இணங்காமல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டன. ஆகவே அன்று கைமாறிய வண்டிகளே பிறகு வேறெங்கும் கிடைக்காத அரும்பொருள்களாயின.

நாம் சொல்லும் குடும்பத்தின் மூத்தவர் சிகந்தராபாத்தில் மர வியாபாரி. ராணுவ முகாமையும் லாலாகூடா ரயில்வே தொழிற்கூடத்தையும் நம்பித் தமிழர் பலர் அந்த ஊரில் நெடுங்காலமாகவே குடியேறி வாழ்ந்து வந்தனர். 1862-இல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். பிற்காலத்தில் அது மஹபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆக, நம் மர வியாபாரி அந்நியர் அல்லர். இரண்டு தலைமுறையாக அவ்வூரில் வேர் ஊன்றியவர். ஒரு ஜாகிர்தாருக்குக் கதவும் ஜன்னலும் செய்துகொடுத்த வகையில் வரவேண்டிய பாக்கி நின்றது. ஜாகிர்தாரோ நாணயமானவர். "பணம் இல்லை, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வண்டியின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டாராம். வியாபாரிக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கரும்பச்சை வண்ணம். முன்பக்கத்தில் பற்களைப் போன்ற குரோமியக் கம்பிகள் நெருக்கமாக நின்று சிரிக்கும். பானெட்டின் நுனியில், விமானத்திலிருந்து குறிபார்க்கும் கருவியைப் போன்ற ஒரு வளையம். போர் முடிந்த காலத்து ப்யூக் வண்டிகளுக்கே உரிய அடையாளம் அது. அந்தப் பானெட்டை வலப்பக்கமிருந்தும் திறக்கலாம், இடப்பக்கமிருந்தும் திறக்கலாம். உள்ளே எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். இயந்திரத்தைக் கிளப்புவதற்கு இந்நாளைய வண்டிகளைப்போல் சாவியைத் திருப்பினால் போதாது, பித்தானும் இல்லை. சாவியைத் திருப்பிவிட்டு, வேகம் கூட்டும் கால்மிதியை ஒரு முறை அழுத்த வேண்டும். அறியாதவர் மணிக்கணக்காக அமர்ந்திருந்தாலும் வண்டி வாய் திறக்காது. இந்த இரகசியத்தினால் அவ்வண்டி இரண்டு முறை திருட்டிலிருந்து தப்பியது என்று வீட்டார் பெருமையாகச் சொல்லுவார்கள். ஒரு முறைதான் என்று பக்கத்து வீட்டார் சொல்லுகிறார்கள்.

இவ்வண்டியில் ஒரு குறை உண்டு. குறை என்று சொல்வதா, சிறப்பு என்று சொல்வதா என்பதே பின்னால் எழுந்த வழக்கு. அமெரிக்கச் சாலைக்கென்று செய்யப்பட்டதாகையால் ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கிறது. கானடாவின் தொழிற்கூடங்கள் காமன்வெல்த் நாடுகளுக்காக வலப்பக்க ஸ்டீரிங் வைத்து வண்டிகள் செய்தனுப்பியதுண்டு. இது அந்த வழியில் வந்ததன்று. நம் நாட்டிலோ சாலையின் இடப்புறமாகச் செல்ல வேண்டும். ஓட்டுபவர் நடைபாதையின் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். முன்னே ஒரு மாட்டு வண்டி போனால், அதைக் கடந்து செல்ல எதிரே வழி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. வலப்பக்கம் அமர்ந்திருப்பவர்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்னவர் வியாபாரியின் மனைவியார். அவர் வண்டி ஓட்டியதே இல்லை. ஆனால் இருபது ஆண்டுகள் அந்த வண்டியைச் செலுத்தியவர் அவரே எனலாம். கண்ணை எதிர்ச்சாலையில் வைத்துக்கொண்டு, "பொறுங்க" என்பார், "போகலாம்" என்பார். அவ்விரண்டு சொற்களுக்கு மேல் மூன்றாவது சொல் கிடையாது. கணவர் மறுபேச்சின்றி அதன்படி நடப்பார். வீட்டில் வேறு எந்தக் காரியத்திலும் அவர் அவ்வாறு நடந்ததாகத் தெரியவில்லை. கூரையை மடித்துவிட்டு மாலை வேளையில் உசேன் சாகர் ஏரிக்கரையில் அவர்கள் போகும்போது, தெரிந்தவர்கள் கைகாட்டுவார்கள். மூடிய வண்டியில் போகிறவர் ஊரைப் பார்க்கிறார். திறந்த வண்டியில் போகிறவரை ஊரும் பார்க்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பத்துக்கு இது சிறிய காரியமன்று.

1971-இல் அவர் காலமானார். அம்மையார் அதன்பின் அந்த வண்டியில் ஏறவில்லை. மகன் அதை விற்கவுமில்லை, அதிகமாக ஓட்டவுமில்லை. மாதம் ஒரு முறை கிளப்பிப் பார்த்து, சக்கரங்களைச் சற்று உருட்டி வைப்பார். ஹைதராபாத்தின் காற்று வறண்டது. சென்னையின் உப்புக்காற்று பட்டிருந்தால் அடித்தகடு முழுவதும் பொடிந்திருக்கும். இப்படியாகப் பழைய இயந்திரம், பழைய வண்ணம், பழைய தோல் இருக்கை எல்லாம் மாறாமல் நின்றன. இது எவ்வளவு அரிய செய்தி என்பதை அறிய வேண்டுமானால், மற்ற வண்டிகளுக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். எட்டு சிலிண்டர் வண்டிகள் பெட்ரோலை நீராகக் குடிப்பவை. பெட்ரோல் விலை ஏறியபோது, நம் நாட்டு அமெரிக்க வண்டிகள் பலவற்றின் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அவ்வாறு பொருத்தப்பட்டவற்றில் பல, சென்னை சிம்ப்சன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் இயந்திரங்கள்! டாட்ஜும் பிளிமத்தும் டாக்ஸிகளாகி, லாரியின் குரலில் இருமிக்கொண்டு காலம் கழித்தன. கூரை மடங்கும் வண்டிகளின் நிலை இன்னும் மோசம். கித்தான் கிழிந்ததும் தகட்டுக் கூரையைப் பற்றவைத்துவிட்டவர்கள் உண்டு.

சென்ற தலைமுறையும் மறைந்தபின் வண்டி பேரப்பிள்ளைகள் மூவருக்கு உரியதாயிற்று. அண்ணன் சிகந்தராபாத்தில், தம்பி பெங்களூரில், தங்கை சென்னையில். அப்போது ஒரு விருந்தினர் விடுதியார் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தனர். திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவது அவர்கள் எண்ணம். விலை நல்ல விலை. தம்பிக்கு வீட்டுக் கடன் இருந்தது; தங்கைக்கு மகளின் படிப்புச் செலவு இருந்தது. பணம் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் மூவரில் ஒருவரும் இல்லை. ஆனால் விடுதியார் வாங்கியபின் செய்யப்போவதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். வெள்ளை வண்ணம் பூசப்படும். உள்ளே சிவப்பு மெத்தை. புதிய டீசல் இயந்திரம். ஸ்டீரிங் வலப்பக்கத்துக்கு மாற்றப்படும்.

"விற்பதென்றால் விற்போம், வாங்கினவர் என்ன செய்தால் நமக்கென்ன?" என்றார் தம்பி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. "அப்படியானால் நாமே புதிதுபோல் செய்து, கண்காட்சிக்கு அனுப்பி, இன்னும் நல்ல விலைக்குக் கேட்போமே" என்றார் அண்ணன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. இந்நிலையில்தான் நம்மை அழைத்தார்கள்.

நமக்கு மோட்டார் வண்டிகளில் ஆர்வம் உண்டேயன்றி அதிகாரம் ஒன்றும் இல்லை. ஆகவே அந்த வண்டியைச் சிறுவயது முதல் பார்த்துவந்த முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். ஹைதராபாத்தில் கைதேர்ந்த மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்று அழைப்பார்கள். அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. கொட்டகைக்குள் வந்தவர் விளக்கைப் போடவேண்டாம் என்றார். கதவருகே வந்த பகல் வெளிச்சத்தில், வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "டூக்கோ அசல்" என்றார்.

நம் நாட்டில் கார் வண்ணத்திற்கு 'டூக்கோ' என்று பெயர் வழங்குவதை எல்லோரும் அறிவோம். அது அமெரிக்காவில் ட்யூபான் கம்பெனியார் 1923-இல் கொண்டுவந்த ஒரு வண்ணத்தின் பெயர். அதற்கு முன் வண்டிக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க நாட்கணக்காயிற்று. இந்தப் புதிய வண்ணமோ மிக விரைவாகக் காய்ந்தது. கம்பெனியின் பெயர் மறைந்து, பொருளின் பெயராகிவிட்டது. அந்த வண்ணம் மேல் பூச்சுக் கண்ணாடி போன்ற இந்நாளைய வண்ணத்தைப் போன்றதன்று. வெயிலில் மங்கும், துடைக்கத் துடைக்கத் தேயும், ஓரங்களில் அடிப்பூச்சு தெரியத் தொடங்கும். இந்த வண்டியில் அவ்வாறு தேய்ந்த இடங்கள் மூன்று. ஓட்டுபவர் முழங்கையை ஊன்றிக்கொள்ளும் இடக்கதவின் மேல்விளிம்பு ஒன்று. பானெட்டைத் திறக்கும் இடம் ஒன்று. மூன்றாவது வலக்கதவின் மேல்விளிம்பில், முன்கண்ணாடிக்கு அருகே, நான்கு விரல் அகலத்தில் இருந்தது. கடந்து செல்லும்போதெல்லாம் அந்த அம்மையார் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்த இடம் அது.

உஸ்தாத் அதைக் காட்டியபோது தங்கை தன் விரல்களை அங்கே வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

அசல் நிலையில் நிற்கும் பழைய வண்டிக்கு மதிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே. வண்டியைப் புதிதாக்குவது கைவேலை அறிந்தவர்க்குக் கடினமன்று. பணம் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். பழைய தேய்வை மட்டும் எவராலும் செய்ய முடியாது. மேல்நாட்டுக் கண்காட்சிகளிலும் இப்போது இவ்வுண்மை உணரப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் கண்ணாடிபோல் மின்னும் வண்டிகளுக்கே பரிசு கொடுத்துவந்தவர்கள், இன்று வண்ணம் வெடித்து, மெத்தை கிழிந்து, ஆனால் ஒன்றும் மாறாமல் நிற்கும் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் பழம்பெரும் வண்டிகளின் பதிவுக்கு விதிகள் வகுத்தது. முதற்பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாயும், அசல் உருவில் பேணப்பட்டதாயும், அடிச்சட்டமும் உடலும் இயந்திரமும் பெரிதாக மாற்றப்படாததாயும் இருக்கும் வண்டியையே அவ்விதி பழம்பெரும் வண்டி என்று கொள்கிறது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்த்தல் போன்ற காரியங்களுக்கே அதை ஓட்டலாம். அன்றாடம் அலுவலுக்குப் போகவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆக, விடுதியார் செய்ய நினைத்தபடி இயந்திரத்தை மாற்றினால் வண்டி அந்தப் பெயரை இழக்கும். மாற்றாமல் வைத்துக்கொண்டாலோ வாடகைக்கு விட முடியாது. இதை நாம் எடுத்துச் சொன்னபோது அண்ணனின் முகம் தெளிந்தது. தம்பியின் முகம் வாடியது. இரண்டும் இயல்பே. இடப்பக்க ஸ்டீரிங்கைப் பற்றியும் அச்சம் இருந்தது. திரும்பும் திசையைக் காட்டும் விளக்கோ கருவியோ ஒழுங்காக வேலை செய்யுமானால், அத்தகைய வண்டியை ஓட்ட 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்லாவிட்டால் நேயர்களை ஏமாற்றியவர்களாவோம். மாற்றாமல் வைத்திருப்பது வேறு; கவனிக்காமல் விட்டுவைப்பது வேறு. கூரையைத் தூக்கும் குழாய்களில் ஓடுவது பிரேக் எண்ணெய். ரப்பர் வளையங்கள் இற்றுப்போய் அது கசிந்தால், விழுந்த இடத்தின் வண்ணத்தைத் தின்றுவிடும். பெட்ரோலில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கிறார்கள். 1947-இன் ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. மின்சாரம் ஆறு வோல்ட். முன்விளக்கு குத்துவிளக்கைக் காட்டிலும் சற்றுப் பரவாயில்லை எனலாம். முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவி மின்சாரத்தால் இயங்குவதன்று. இயந்திரம் காற்றை உறிஞ்சும் விசையால் இயங்குவது. மேட்டில் ஏறும்போது வேகம் கூட்டினால் அந்த விசை குறைந்து, துடைப்பான் பாதியில் நின்றுவிடும். மழை பலமாகப் பெய்யும்போது பஞ்சாரா ஹில்ஸ் மேட்டில் ஏறுகிறவர், ஏறுவதா பார்ப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

இன்னொன்று. இரும்புக் கூரை இல்லாத வண்டிக்கு உடலில் உறுதி குறையும். அதை ஈடுசெய்ய, அடிச்சட்டத்தில் பெருக்கற் குறிபோல் குறுக்குச் சட்டங்களை வைத்துப் பலப்படுத்துவார்கள். ஆகவே திறந்த கார் பார்ப்பதற்கு இலேசாகத் தோன்றினாலும், மூடிய காரைவிடக் கனமானது. பெட்ரோலும் அதிகம் குடிக்கும். குளிர்சாதனம் வந்தபின், விரைந்தோடும் பெருஞ்சாலைகள் வந்தபின், அமெரிக்கரே இவ்வகை வண்டியைக் கைவிட்டனர். 1976-இல் வந்த காடிலாக் எல்டோராடோவோடு கதை முடிந்தது என்றுகூடச் சொன்னார்கள். 1982-இல் கிரைஸ்லர் கம்பெனியார் மீண்டும் ஒன்றை வெளியிட்டபோது, விருப்பம் செத்துவிடவில்லை என்பது தெரிந்தது.

உஸ்தாத் ஒரு பட்டியல் சொன்னார். பிரேக்குகள் முழுவதும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதில் பழைமை பாராட்டக் கூடாது. பெட்ரோல் குழாய்கள் மாற வேண்டும். டயர்கள் மாற வேண்டும். கித்தான் கிழிந்திருக்கிறது, புதிது தைத்துப் போடலாம், ஆனால் பழையதைச் சுருட்டிப் பத்திரமாக வைக்க வேண்டும். வண்ணத்தைத் தொடக்கூடாது. தோல் மெத்தைக்கு எண்ணெய் தடவினால் போதும். கேட்டுக்கொண்டிருந்த தம்பி, "இதற்கெல்லாம் என்ன செலவாகும்?" என்றார். உஸ்தாத் ஒரு தொகையைச் சொன்னார். கொட்டகையில் சற்று நேரம் பேச்சில்லை.

முடிவு நம் முன்னிலையில் நடக்கவில்லை, நடக்கவும் கூடாது. பின்னர் அறிந்ததைச் சொல்லுகிறோம். விடுதியாருக்கு இல்லையென்று சொல்லியனுப்பினார்கள். அண்ணன் கடன் வாங்கித் தம்பியின் பங்கைக் கொடுத்துவிட்டார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. தம்பி பணத்தைப் பெற்றுக்கொண்டதில் யாருக்கும் வருத்தமில்லை என்று சொல்லுகிறார்கள். இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. தங்கை தன் பங்கை விற்கவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வண்டியை முதன்முறையாக வெளியே எடுத்தார்கள். நம்மையும் பின் இருக்கையில் அமர்த்திக்கொண்டார்கள். கூரையை மடிப்பதற்கான குமிழை அண்ணன் இழுத்தார். பம்பு முனகியது, கித்தான் பாதி எழுந்து நின்றுவிட்டது. மீதியை நாமும் உஸ்தாத்தின் பேரனும் கையால் மடித்தோம். பிறகு கால்மிதியை அழுத்தினார்கள். எட்டு சிலிண்டர்களின் ஓசை மூடிய வண்டியில் கேட்பதுபோல் முன்னாலிருந்து மட்டும் வருவதன்று. மதில்களிலும் மரங்களிலும் மோதித் திரும்பி நாற்புறமும் சூழ்ந்து வரும். குளிர்காற்று காதில் பட்டது. தெருவோரத்தில் இட்டிலிக் கடையின் புகை, ஏரியின் பாசி நாற்றம், யாரோ கொளுத்திய சருகு, எல்லாம் வரிசையாக வந்து போயின. மூடிய காரில் இருபது ஆண்டுகளாக அதே வழியில் போகிறோம். அவ்வழிக்கு இத்தனை வாசனை உண்டென்று அன்றுதான் அறிந்தோம்.

ஏரிக்கரைச் சாலையில் முன்னே ஒரு மாநகராட்சி லாரி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் அமர்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்க இருக்கையில் சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை. அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார்.

"பொறுங்க அண்ணா" என்றார். ஒரு பேருந்து எதிரே கடந்து போயிற்று. சற்று நேரம் கழித்து, "போகலாம்" என்றார்.